முகம் முகமாகத் தெரியட்டும்: டிவி படத்தைச் சீர்செய்யக் கற்பவர்களுக்கு

பிக்சர் டியூப் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். டயனோரா, சாலிடேர் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, அதில் படத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்க பிரீசெட்டுகளைத் திருப்பி நிறம் சரிசெய்வோம். இன்று மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. எல்லாம் ரிமோட்டுக்குள் வந்துவிட்டது. வேலை மட்டும் மாறவில்லை. படத்தை எடுத்தவர்கள் எந்த நிறத்தில், எந்த வெளிச்சத்தில் முடித்துக் கொடுத்தார்களோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரு வீட்டின் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நம் வேலை.

கற்க வரும் பிள்ளைகள் எடுத்தவுடன் கேட்பது, "எதுக்கு எத்தனை நம்பர் வைக்கணும் ஐயா?" என்றுதான். நம்பர் கடைசியில் தானாக வரும். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். பின்னால் உள்ளதை முதலில் தொட்டால் முன்னால் உள்ளது அதைக் கெடுத்துவிடும்.

1. சரியான படம் எது என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தின் நிறத்தை இறுதி செய்யும் கலரிஸ்ட், மங்கலான அறையில் உட்கார்ந்து, அளந்து சரிபார்த்த மானிட்டரைப் பார்த்து முடிவெடுக்கிறார். டிவிக்கான பிரதி தயாராகும் அந்த மானிட்டருக்கு ஊர் ஊருக்கு வேறு விதி கிடையாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் வெளியிட்ட பிடி.709 என்ற பரிந்துரை, சிவப்பு எது, பச்சை எது, நீலம் எது, வெள்ளை எது என்று வரையறுத்துவிட்டது. அந்த வெள்ளைக்கு டி65 என்று பெயர். ஏறத்தாழ 6500 கெல்வின், அதாவது வெயிலும் வானமும் கலந்த பகல் வெளிச்சத்தின் வெள்ளை. கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் எப்படி ஏற வேண்டும் என்பதை 2011இல் வந்த பிடி.1886 சொல்கிறது. நாம் சுருக்கமாக காமா 2.4 என்போம். உச்ச வெள்ளையின் வெளிச்சம் 100 நிட்.

இவற்றை மனப்பாடம் செய்யுங்கள். இவை தெரியாமல் ரிமோட்டைக் கையில் எடுப்பவர் தன் விருப்பத்தை வைத்துவிட்டு வருகிறார். அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமலே கிடக்கிறது.

2. பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பாருங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம், டியூப்லைட் எங்கே, யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் வீடுகளில் டிவியைச் சுவரின் உச்சியில் மாட்டும் பழக்கம் உண்டு. பார்ப்பவர்களோ பாயிலோ திவானிலோ இருப்பார்கள். எல்சிடி திரையை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கறுப்பு வெளுக்கும், நிறம் மாறும். விஏ வகைப் பேனலில் நேரே பார்க்கும்போது கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் போனால் சாயம் போய்விடும். ஐபிஎஸ் வகையில் கோணம் பரவாயில்லை, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். இரண்டு வகையிலும் பேனலின் இந்தக் குணத்தை மெனுவில் சரிசெய்ய முடியாது. டிவியைச் சற்றுத் தாழ்த்தி மாட்டுங்கள், அல்லது முன்பக்கம் சாய்க்கும் பிராக்கெட் போடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு சரிசெய்யாதீர்கள். அவர்கள் உட்காரும் இடத்தில், அவர்கள் உட்காரும் உயரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

திரையில் நேராக விழும் ஜன்னல் வெளிச்சத்தை எந்த செட்டிங்கும் வெல்லாது. ஒரு திரைச்சீலை போடச் சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். இரவில் முழு இருட்டில் பார்ப்பவர்களுக்கு, டிவியின் பின்னால் சுவரில் விழும்படி 6500 கெல்வின் விளக்கு ஒன்றை மங்கலாக வைக்கச் சொல்லுங்கள். கண் சோர்வது குறையும், கறுப்பும் ஆழமாகத் தோன்றும். மஞ்சள் விளக்கு வைத்தால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகி, திரையை நீலமாகக் காட்டும்.

3. கடைக்காக வைத்திருப்பதை எல்லாம் அணையுங்கள்.

ஷோரூமில் பக்கத்தில் பத்து டிவி ஓடும். அங்கே வாங்க வருபவரின் கண்ணை இழுக்க வேண்டும். விவிட், டைனமிக் என்ற பெயர்களில் வரும் மோடுகள் அந்த வேலைக்குப் பிறந்தவை. டிவி இன்னும் 'ஸ்டோர்' மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் 'ஹோம்' ஆக்குங்கள். பிறகு பிக்சர் மோடில் சினிமா, மூவி, அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது யுஎச்டி அலையன்ஸ் அமைப்பு இயக்குநர்களின் ஆதரவோடு 2019இல் அறிவித்தது. டிவி தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருப்பதே அதன் நோக்கம். வேறெதுவும் செய்யாமல் இந்த ஒன்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிறகு உள் மெனுக்களுக்குள் போய் டைனமிக் காண்ட்ராஸ்ட், பிளாக் என்ஹான்ஸ், லைவ் கலர், சூப்பர் ரெசல்யூஷன், ஈகோ சென்சார் என்று தன்னிஷ்டத்துக்குப் படத்தை மாற்றும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இவை ஓடும்போது நீங்கள் வைக்கும் எதுவும் நிலைக்காது. காட்சிக்குக் காட்சி அவை மாற்றிக்கொண்டே இருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மட்டும் விலக்குத் தருவேன். கேபிளில் வரும் பழைய எஸ்டி சேனல்களில் கட்டம் கட்டமாக உடையும் படத்துக்கு 'லோ' அளவில் வைத்தால் நன்மை உண்டு. நல்ல சிக்னலுக்கு வேண்டாம்.

அசைவை மென்மையாக்கும் வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர். சினிமா வினாடிக்கு 24 சட்டகம். இந்த வசதி இரண்டு சட்டகத்துக்கு நடுவே, யாரும் எடுக்காத சட்டகங்களைத் தானே கற்பித்து நுழைக்கிறது. அதனால்தான் பெரிய பொருட்செலவில் எடுத்த படமும் வீடியோ கேமராவில் எடுத்த கல்யாண வீடியோ போலத் தெரிகிறது. நடிகர் டாம் குரூசும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் ஒரு காணொளி வெளியிட்டு, படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று பார்வையாளர்களையே கேட்டுக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால் ஸ்போர்ட்ஸ் மோடில் வைத்துக் கொடுங்கள். சினிமா மோடில் வேண்டாம்.

4. டிவிக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள்.

செட்டாப் பாக்ஸின் அவுட்புட் இன்னும் 576இல் கிடக்கும் வீடுகள் ஏராளம். எச்டி சேனலுக்குப் பணம் கட்டிக்கொண்டு எஸ்டி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாக்ஸின் மெனுவில் 1080க்கு மாற்றுங்கள். அடுத்து, செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து வரி பாதி வெட்டுப்படுகிறதா என்று கவனியுங்கள். வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேன் ஓடுகிறது. டியூப் டிவியில் ஓரங்களை மறைக்க வேண்டியிருந்தது, அதற்காக வந்த பழக்கம் அது. இன்றைய திரைக்குத் தேவையே இல்லை. படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் கூர்மையும் போகிறது. ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்க்ரீன், ஃபுல் பிக்சல் என்று ஆளுக்கொரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள்.

லேப்டாப் அல்லது கேம் கன்சோல் இணைத்திருந்தால் எச்டிஎம்ஐ லெவலையும் பாருங்கள். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0 முதல் 255. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று என்று பொருந்தாமல் இருந்தால், படம் புகை படிந்தது போல் வெளுத்தோ, இருட்டில் விவரமே இல்லாமல் அடைத்தோ நிற்கும். இதைக் கவனிக்காமல் பிரைட்னஸைத் திருகிக்கொண்டிருந்தால் பொழுது போகும், படம் சரியாகாது.

5. அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

பேனல் சூடேறும்வரை வெளிச்சமும் நிறமும் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீட்டாரோடு பேசுங்கள். என்ன பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பேக்லைட் வேறு, பிரைட்னஸ் வேறு.

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பெயர்களும் அதற்கு ஒரு காரணம். பேக்லைட் என்பது திரைக்குப் பின்னால் உள்ள விளக்கின் பலம். அதைக் கூட்டினால் முழுப் படமும் பிரகாசமாகும். பிரைட்னஸ் என்று காலங்காலமாக நாம் சொல்லி வந்தது கறுப்பின் மட்டத்தை. இப்போது சோனியின் பல மாடல்களில் 'பிரைட்னஸ்' என்றால் விளக்கு, 'பிளாக் லெவல்' என்பதுதான் பழைய பிரைட்னஸ். சாம்சங்கின் புதிய மாடல்களிலும் 'பிரைட்னஸ்' விளக்கைத்தான் மாற்றுகிறது. எல்ஜி ஓஎல்இடியில் 'பிக்சல் பிரைட்னஸ்' என்று தனியாக இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல், கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருக்கும் காட்சி ஒன்றை ஓடவிட்டு, நிறுத்தி, அந்த ஸ்லைடரை மேலும் கீழும் நகர்த்தி எது மாறுகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கறுப்பு மட்டத்துக்கு ஒரு சோதனைப் படம் வேண்டும். தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் வண்ணப் பட்டைகள் நின்றுகொண்டிருக்குமே, அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுவே சோதனைப் படம். இன்று ஏவிஎஸ் எச்டி 709 போன்ற இலவசத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பென்டிரைவிலிருந்து பார்த்துச் சரிசெய்தது எச்டிஎம்ஐ வழியே வரும் செட்டாப் பாக்ஸுக்குப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி நினைவு வைத்திருக்கும்.

சோதனைப் படத்தில் கறுப்புப் பின்னணியில் மிக மங்கலான பட்டைகள் இருக்கும். பிபிசி பொறியாளர்கள் வகுத்த ப்ளூஜ் என்ற முறையின் வழித்தோன்றல்கள் இவை. 16க்குக் கீழே உள்ள பட்டைகள் முழுதாக மறைய வேண்டும். 17, 18 என்று மேலே உள்ளவை இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இரவு விளக்கு நிலையில் ஒரு முறையும், பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் பாருங்கள். அறை வெளிச்சத்தில் அந்த முதல் பட்டைகள் கண்ணுக்கு மறைந்துபோவது இயல்பு.

சோதனைப் படம் முடிந்ததும் உண்மையான படம் ஒன்றில் சரிபாருங்கள். நான் போடச் சொல்வது 1987இல் வந்த 'நாயகன்'. பி.சி.ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ஒளிப்பதிவு அது. அறையின் பாதி இருட்டில் கிடக்கும், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும். கறுப்பு மட்டம் கீழே போயிருந்தால் அந்த இருட்டில் இருக்கும் சட்டையும் சுவரும் தலைமுடியும் ஒரே கரிக்கட்டியாகிவிடும். மேலே போயிருந்தால் இருட்டு என்பதே இல்லாமல் எங்கும் சாம்பல் பூத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் உண்டு. அங்கே இருட்டு இருட்டாகவே இருக்கும், இருட்டுக்குள் ஆள் இருப்பதும் தெரியும். நல்ல பிரதியாகப் பார்த்துப் போடுங்கள். பலமுறை நகலெடுத்துத் தேய்ந்துபோன பிரதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

7. காண்ட்ராஸ்ட்டை வெள்ளையில் பாருங்கள்.

வெள்ளை வேட்டியில் மடிப்புத் தெரிகிறதா? மேகத்தில் மேடு பள்ளம் தெரிகிறதா? சோதனைப் படத்தில் 234 வரையிலான பட்டைகள் பிரிந்து தெரிய வேண்டும். ஒன்றோடொன்று கரைந்தால் காண்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். வெள்ளையில் திடீரென்று இளஞ்சிவப்போ நீலமோ ஏறினாலும் குறையுங்கள். மூன்று நிறங்களில் ஒன்று தன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். பிரகாசம் போதவில்லையென்றால் பேக்லைட்டைக் கூட்டுங்கள். காண்ட்ராஸ்ட்டைத் தொட வேண்டாம்.

இதைச் செய்த பிறகு கறுப்பு மட்டத்தை மீண்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

8. ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

இது படத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வரையும், அவ்வளவுதான். எழுத்தைச் சுற்றியும் தலைமுடியைச் சுற்றியும் ஒளிவட்டம் மறையும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பல டிவிகளில் அது பூஜ்யத்தில் அல்லது அதன் அருகில் நிற்கும். வீட்டார் முதலில் மங்கல் என்பார்கள். சில நாள் பழகிய பிறகு பழைய அளவுக்கு மாற்றிக் காட்டுங்கள், ஒளிவட்டத்தை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

9. வெள்ளையின் நிறம்.

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் பாதி இதுதான். டிவிகள் பெரும்பாலும் 'கூல்' பக்கமாகச் சாய்ந்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தோன்றும், கடையில் அது எடுபடும். 'வார்ம் 2', 'வார்ம் 50', 'எக்ஸ்பர்ட் 1' போன்ற பெயர்களில் இருப்பது டி65க்கு அருகில் வரும். அதை வையுங்கள்.

வைத்தவுடன் எல்லோரும் ஒரே குரலில் "மஞ்சளா இருக்கே" என்பார்கள். உங்கள் கண்ணும் அதையேதான் சொல்லும். கண் எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும் உறுப்பு. நீலத்துக்குப் பழகிய கண்ணுக்கு நடுநிலை மஞ்சளாகத் தெரிவது இயல்பு. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் கண்ணை நீதிபதியாக வைக்கக் கூடாது என்கிறேன். நம் வீட்டு டியூப்லைட் அட்டையைப் பாருங்கள், 'கூல் டே லைட் 6500 கே' என்று அச்சிட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையில் வெள்ளைக் காட்சியை நிறுத்தி, இரண்டையும் வீட்டாருக்கு ஒன்றாகக் காட்டுங்கள். கூல் மோடின் வெள்ளை எவ்வளவு நீலம் என்று அப்போது அவர்களுக்கே தெரியும். டியூப்லைட் துல்லியமான அளவுகோல் அல்ல. பார்ப்பவரை ஒப்புக்கொள்ளவைக்க இது போதும்.

கருவி இல்லாமல் சோதிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி கறுப்பு வெள்ளைப் படம். 1954இல் வந்த எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' போட்டுப் பாருங்கள். பாட்டே இல்லாத படம், முழுக்க ஒளியும் நிழலும் விளையாடும். அதில் எங்கேயும் நிறம் இருக்கக் கூடாது. நிழலில் பச்சை தெரிந்தாலோ, முகத்தின் வெளிச்சப் பகுதியில் இளஞ்சிவப்பு தெரிந்தாலோ, அது டிவி தன் கையிலிருந்து போட்ட நிறம். வண்ணப் படத்தில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும், கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை. பிரதியே சாயம் ஏறியதாக இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று படங்களைப் பாருங்கள். ஒரே சாயம் எல்லாவற்றிலும் இருந்தால் குற்றம் திரையில்தான்.

10. நிறத்தின் அளவை முகத்தில் முடியுங்கள்.

கலர் ஸ்லைடருக்கு முறையான வழி நீலம் மட்டும் காட்டும் மோட். சில டிவிகளின் எக்ஸ்பர்ட் மெனுவில் அது உண்டு. வண்ணப் பட்டைகளைப் போட்டு, நீலம் மட்டும் ஓடவிட்டால், ஒரு ஓரத்துச் சாம்பல் பட்டையும் மறு ஓரத்து நீலப் பட்டையும் ஒரே வெளிச்சத்தில் நிற்க வேண்டும், அது கலர். நடுவில் உள்ள சயானும் மெஜந்தாவும் ஒன்றாக நிற்க வேண்டும், அது டின்ட். முன்பு நீலக் கண்ணாடித்தாளைக் கண்ணில் பிடித்து இதையே செய்தார்கள். நிற வீச்சு அகன்ற இன்றைய பேனல்களில் அந்தத் தாள் சரியாக வேலை செய்யாது. டின்ட் பெரும்பாலும் நடுவிலேயே சரியாக இருக்கும். நாம் பழகிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் நிறச் சிக்னலின் கட்டத்தை (ஃபேஸ்) வரிக்கு வரி மாற்றி அனுப்பியதால் நிறம் திரும்பும் தவறு தானாகவே அடிபட்டுப் போனது. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில்தான் டின்ட் குமிழ் ஓயாத தலைவலியாக இருந்தது.

பட்டை முடிந்ததும் முகத்துக்கு வாருங்கள். நிறத்தை அளந்து காட்டும் கலரிஸ்டுகளின் வெக்டர்ஸ்கோப் கருவியில் தோலுக்கென்றே ஒரு கோடு உண்டு. கறுப்பானவர், மாநிறத்தவர், சிவந்தவர் எல்லோருடைய தோலும் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டில்தான் விழும். வெளிச்சத்திலும் அடர்த்தியிலும் மட்டுமே வேறுபடுவார்கள். எல்லோருக்குள்ளும் ஓடுவது ஒரே ரத்தம் என்பதை அந்தக் கருவி கோடு போட்டுக் காட்டுகிறது. ஆகவே நிறம் திரும்பியிருந்தால் எல்லா முகமும் ஒருசேரத் தப்பாகத் தெரியும்.

விவிட் மோட் நம் முகங்களுக்குச் செய்யும் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மாநிறத்தை ஆரஞ்சாக்குகிறது. கறுத்த முகத்தின் நிழல் பக்கத்தை அடைத்து, கன்னத்தின் வளைவையும் நெற்றியின் வியர்வையையும் அழிக்கிறது. வெளுத்த முகத்தைச் சுண்ணாம்பாக்குகிறது. ஒரு கறுத்த முகத்துக்கு எப்படி ஒளி வைப்பது என்று ஒரு ஒளிப்பதிவாளர் அரை நாள் யோசித்திருப்பார். அந்த முகம் கறுப்பாகவும், உயிரோடும், தன் விவரம் எல்லாவற்றோடும் வீட்டுத் திரைக்கு வந்து சேர வேண்டும். இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய அக்கறை கிடையாது.

11. கருவி வாங்கும் நிலைக்கு வந்தால்.

கையடக்க கலரிமீட்டரும் எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளும் தொடங்கப் போதும். மீட்டரைத் திரையில் தொங்கவிட்டு, முதலில் சாம்பல் நிறங்களை அளவிடுங்கள். ஒய்ட் பேலன்ஸ் மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா ஒரு கெயின், ஒரு ஆஃப்செட் இருக்கும். கெயின் வெளிச்சப் பகுதியை இழுக்கும், ஆஃப்செட் இருட்டுப் பகுதியை இழுக்கும். டியூப் காலத்தில் பிக்சர் டியூபின் கழுத்துப் போர்டில் டிரைவ், கட்-ஆஃப் என்று இருந்த அதே பிரீசெட்டுகள்தாம் இவை.

80 சதவீதச் சாம்பலில் கெயினையும், 30 சதவீதச் சாம்பலில் ஆஃப்செட்டையும் சரிசெய்யுங்கள். இலக்கு டி65, அதாவது எக்ஸ் 0.3127, ஒய் 0.3290. ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும், மாறி மாறி இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். பச்சையை அசைக்காதீர்கள். பிடி.709இல் வெளிச்சத்தின் 72 சதவீதம் பச்சையிலிருந்துதான் வருகிறது. சிவப்பு 21, நீலம் 7. பச்சையைத் தொட்டால் பிரகாசமும் காமாவும் சேர்ந்து ஆடும். சிவப்பையும் நீலத்தையும் பச்சையின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கெயினைக் கூட்டுவதைவிடக் குறைத்துச் சமன் செய்வது நல்லது. நிறப் பிழையின் அளவான டெல்டா ஈ மூன்றுக்குக் கீழே வந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. அதற்கும் கீழே போக 20 புள்ளி ஒய்ட் பேலன்ஸ் மெனுவைத் திறந்து மணிக்கணக்கில் திருகுபவர்கள் பலர். படிகளுக்கு நடுவே கோடு கோடாகப் பிரிவு விழுவதுதான் மிச்சம்.

மென்பொருளில் பேனல் வகையைச் சரியாகச் சொல்லுங்கள். எல்இடி, குவாண்டம் டாட், ஓஎல்இடி மூன்றுக்கும் ஒளியின் கலவை வேறு, தவறாகச் சொன்னால் மீட்டர் ஏமாறும். கடலோர ஊர்க்காரர்கள் மீட்டரை சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

12. எச்டிஆரைத் தனியாகப் பாருங்கள்.

எச்டிஆர் படம் வந்தவுடன் டிவி வேறொரு செட்டிங்குக்குத் தாவும். இதுவரை செய்த எதுவும் அங்கே இருக்காது. எச்டிஆர்10 பயன்படுத்தும் பிக்யூ வளைவு 10,000 நிட் வரை நேரடி வெளிச்ச அளவைக் குறிக்கிறது. நம் வீட்டுச் சாதாரண டிவி 300 நிட்டைத் தொடவே திணறும், மீதியை அமுக்கித்தான் காட்டும். ஆகவே அங்கே பேக்லைட்டையும் காண்ட்ராஸ்ட்டையும் முழுதாகவே விடுங்கள், சினிமா மோடும் வார்ம் நிறமும் மட்டும் வையுங்கள். மலிவு டிவியில் 'எச்டிஆர்' என்ற முத்திரையைக் கண்டு வீட்டார் அதிகம் எதிர்பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

13. ஓஎல்இடி இருக்கும் வீட்டில் எச்சரிக்கை சொல்லுங்கள்.

காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீடுகள் உண்டு. மூலையில் நிற்கும் லோகோவும் கீழே நிற்கும் சிவப்புப் பட்டையும் திரையில் தழும்பாக நிலைத்துவிடும். பிக்சல் பிரைட்னஸை இரவுக்குத் தேவையான அளவுக்குக் குறைத்து வையுங்கள். சோதனைப் படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

14. அடுத்தவர் நம்பரை வைக்காதீர்கள், சர்வீஸ் மெனுவைத் திறக்காதீர்கள்.

ஒரே மாடல், ஒரே கடை, ஒரே நாள் வாங்கிய இரண்டு டிவிகளிலும் ஒய்ட் பேலன்ஸ் ஒன்றாக இருக்காது. எந்த மோட், எதை அணைப்பது என்பது வரை மாடலுக்குப் பொதுவாகச் சொல்லலாம். ஆர்ஜிபி நம்பர் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே சொந்தம். சர்வீஸ் மெனுவில் பேனல் வகையையே மாற்றும் வரிகள் இருக்கின்றன. தெரியாமல் தொட்டால் திரை எழும்பாமலே போகலாம். வேலை தொடங்கும் முன் எல்லா மெனுவையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

15. டிவி அந்த வீட்டாருடையது.

பகலில் ஜன்னல் திறந்த கூடத்தில் பாட்டி சீரியல் பார்ப்பார். 100 நிட்டில் அவருக்கு ஒன்றும் தெரியாது. பகலுக்கு ஒரு மோடில் பேக்லைட்டைக் கூட்டி, காமா 2.2 வைத்துக் கொடுங்கள். இரவுக்கு இன்னொரு மோடில் 2.4 வையுங்கள். இரண்டிலும் வெள்ளையின் நிறம் ஒன்றாகவே இருக்கட்டும். எந்தப் பட்டனை அழுத்தினால் எது வரும் என்று பாட்டிக்கே ரிமோட்டைக் கொடுத்து அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். கூப்பிட்டால் போங்கள். அப்போது அவர்கள் கேட்பதைக் கேட்டு, பேக்லைட்டிலும் நிறத்தின் அளவிலும் சற்று விட்டுக்கொடுங்கள். கறுப்பு மட்டத்தையும் வெள்ளையின் நிறத்தையும் ஏன் மாற்றக் கூடாது என்று பொறுமையாக விளக்குங்கள்.

இறுதி மதிப்புகளை ஒரு தாளில் தேதியோடு எழுதி டிவியின் பின்னால் ஒட்டிவிட்டு வாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் சில டிவிகள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். அடுத்து வருபவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிடலாம்.